கார்ட்லெஸ் செட் வாங்கப் போகிறீர்களா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

நான் பவர் டூல்ஸ் பழுது பார்ப்பவன். என் மேசைக்கு வரும் கார்ட்லெஸ் கருவிகளில் மோட்டார் எரிந்து வருபவை குறைவு, பேட்டரி செத்து வருபவைதான் அதிகம். மோட்டார், கியர், பிட்டைப் பிடிக்கும் சக் எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கருவிக்குப் பொருந்துகிற பேட்டரி எங்கே தேடினாலும் கிடைக்காது. செய்த நிறுவனம் அடுத்த மாடலுக்குப் போயிருக்கும், அல்லது நிறுவனமே இருக்காது. நல்ல நிலையில் உள்ள ஒரு ட்ரில்லைத் திருப்பிக் கொடுத்து, "இதற்கு இனி வழியில்லை" என்று சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை. அப்படிச் சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாங்கும்போது பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி, "எத்தனை பீஸ் வரும்?" என்பது. நூறு பீஸ் என்று போட்டிருக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் தொண்ணூறு, ட்ரில்லில் மாட்டும் பிட்டும் ஆணியும் சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்கும்தான். அந்தப் பிட்கள் இரண்டு ஸ்க்ரூவுக்குள் முனை மழுங்கிவிடும், மழுங்கிய பிட் ஸ்க்ரூவின் தலையையும் கெடுத்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பேட்டரியில் இன்னும் என்னென்ன கருவிகள் ஓடும்? மூன்று வருடம் கழித்து இந்தப் பேட்டரி தனியாகக் கிடைக்குமா? இந்த இரண்டுக்கும் கடைக்காரரால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அந்தச் செட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே நிறுவனத்தின் கருவிகள்தானே, பேட்டரியை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பாஷ் நிறுவனத்தின் நீல நிறத் தொழில்முறைக் கருவிகளும் பச்சை நிற வீட்டு உபயோகக் கருவிகளும் 18 வோல்ட்தான், ஆனாலும் ஒன்றின் பேட்டரி மற்றதில் ஏறாது. மக்கிட்டாவின் 18 வோல்ட் பேட்டரியை அதன் 40 வோல்ட் கருவியில் போட முடியாது. பேட்டரி எந்தக் குடும்பம் என்று தெரிந்துகொண்டு, வாழ்நாள் முழுக்க அந்தக் குடும்பத்திலேயே இருப்பதுதான் செலவைக் குறைக்கும் வழி. முதல் முறை இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், ஒரு ட்ரில். அப்புறம் தேவைப்படும்போது பேட்டரி இல்லாத வெறும் கருவியை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி எண்களுக்கு வருவோம், ஏமாற்று நடப்பது அங்கேதான். பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயன் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். அதே ஐந்து செல்லும் முழு சார்ஜில் 20, 21 வோல்ட் காட்டும். ஆகவே ஒரு பெட்டியில் 18 என்றும், இன்னொன்றில் 20 என்றும், மற்றொன்றில் 21 என்றும் போட்டிருந்தால் மூன்றும் ஒன்றேதான். டீவால்ட் நிறுவனம் ஒரு நாட்டில் 20 என்று விற்பதும் வேறு நாட்டில் 18 என்று விற்பதும் ஒரே வகைப் பேட்டரியைத்தான். 12 வோல்ட் என்று எழுதியிருப்பது மூன்று செல், சராசரி 10.8 வோல்ட்.

இந்தக் கணக்கு தெரிந்தால் 48விஎஃப், 88விஎஃப், 388விஎஃப் என்று ஒட்டியிருக்கும் லேபிள்களைப் பார்த்து மயங்க மாட்டீர்கள். ஒருவர் அப்படியொரு இம்பாக்ட் ரெஞ்ச்சை, அதாவது நட்டை அடித்து அடித்துக் கழற்றும் கருவியைக் கொண்டுவந்து, "88 என்று போட்டிருக்கிறது, ஆனால் வீல் நட்டை அசைக்கக்கூட முடியவில்லை" என்றார். பேட்டரியைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே ஐந்து செல். மீட்டரை வைத்தால் 20.4. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் அந்த எழுத்துகள் வோல்ட் என்று நம்ப வைக்கத்தான், அவற்றுக்கு வேறு எந்தப் பொருளும் இல்லை.

அடுத்தது ஏஹெச், அதாவது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பது. கருவிகளில் பரவலாக இருப்பவை 18650 வகை செல்கள், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவு செல் ஒன்றில் பெரும்பாலும் 3.5 ஏஹெச் வரைதான் இருக்கும். கருவிகளுக்கான, அதிக மின்னோட்டம் தரக்கூடிய செல்களில் 2 முதல் 3 வரைதான் இருக்கும். அப்படியானால் அந்தச் செல் ஐந்தே உள்ள ஒல்லியான பேட்டரியில் 6 ஏஹெச் என்று எழுதியிருப்பது பச்சைப் பொய். உண்மையான 4, 5 ஏஹெச் பேட்டரியில் பெரும்பாலும் ஐந்தைந்தாக இரண்டு வரிசை, மொத்தம் பத்து செல் இருக்கும். கடையில் பிரித்துப் பார்க்க முடியாது, கையில் தூக்கிப் பார்க்கலாம். ஒரு செல் 45 முதல் 50 கிராம். பத்து என்றால் செல்லின் எடையே அரைக் கிலோவை ஒட்டி வரும். பெரிய கூடு, பெரிய எண், தூக்கினால் இலேசு என்றால் உள்ளே பாதி காலியிடம். புதிதாக வரும் 21700 வகை செல்கள் இன்னும் தடிமனானவை. அவற்றில் ஐந்தே செல்லில் 4 ஏஹெச் கிடைக்கும், அதையும் எடையே காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய பேட்டரி அதிக நேரம் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைவிட முக்கியம், இரண்டு வரிசை செல் இருந்தால் சுமை பிரிந்துவிடும், ஒவ்வொரு செல்லும் பாதி மின்னோட்டம் கொடுத்தால் போதும். அதனால்தான் உலோகம் வெட்டும் கிரைண்டரும் இம்பாக்ட் ரெஞ்ச்சும் சின்னப் பேட்டரியில் திணறும், அதே கருவி பெரிய பேட்டரியில் வேறு கருவி மாதிரி வேலை செய்யும். ஸ்க்ரூ முடுக்க 2 ஏஹெச் போதும், கையும் வலிக்காது. ஒன்று சின்னது, ஒன்று பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரில் பிரஷ்லெஸ் நல்லது, அதாவது சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டுகள் இல்லாத வகை. தேய்வதற்குக் கார்பனே இல்லை, சூடு குறைவு, ஒரே சார்ஜில் கூடுதல் வேலை. அடிக்கடி பயன்படுத்தாதவருக்குச் சாதாரண மோட்டாரே பல வருடம் வரும். அதில் கார்பனை மாற்றிக்கொள்ள வெளியிலிருந்தே மூடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, எந்தக் கருவி? வீட்டு வேலைக்கு ட்ரில்தான் அடிப்படை. சுழன்றபடியே அடிக்கும் ஹாமர் வசதியுள்ள ட்ரில் செங்கல் சுவருக்குப் போதும். கான்கிரீட் தூண், பீம் என்று வந்தால் அது கத்தும், சூடாகும், துளை விழாது. அதற்கு ரோட்டரி ஹாமர்தான் வேண்டும். ஹாமர் ட்ரில்லில் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசித் துள்ளுவதுதான் அடி. ரோட்டரி ஹாமரில் உள்ளே பிஸ்டன் ஓடி, காற்றழுத்தத்தால் அடிக்கிறது. அடியின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வோர் அடியின் பலம் அதிகம். கான்கிரீட்டில் ஐந்தாறு துளைகள்தான் என்றால் ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுங்கள். ஹாமர் ட்ரில்லை அழுத்தி அழுத்தி வேலை வாங்கினால் அடுத்து அது என் மேசைக்குத்தான் வரும். டைல்ஸ் இருக்கும் சுவரில் டைல் முழுக்கத் துளைத்து முடியும்வரை ஹாமரைப் போடாதீர்கள். சுவருக்குள் ஒயரும் குழாயும் போகும் வழி தெரியாமல் எங்கேயும் பிட்டை வைக்காதீர்கள்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். நேரான, புதிய பிட் ஒன்றைச் சக்கில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு முனையைப் பாருங்கள். முனை ஒரு புள்ளியில் நிற்க வேண்டும், வட்டம் போட்டால் சக் கோணல். விசையை லேசாக அழுத்தினால் மெதுவாகச் சுழன்று, அழுத்த அழுத்த வேகம் சீராக ஏற வேண்டும். விட்டதும் சட்டென்று நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சுழலும்போது 1, 2 என்ற கியர் பொத்தானைத் தள்ளாதீர்கள். உள்ளே பல் உடைந்து வரும் ட்ரில்களில் பெரும்பாலானவை அப்படி உடைந்தவைதான்.

கார் வேலைக்கு வருகிறவர்கள் இம்பாக்ட் டிரைவரையும் இம்பாக்ட் ரெஞ்ச்சையும் குழப்பிக்கொள்கிறார்கள். டிரைவரில் அறுகோண முனையுள்ள பிட்டைச் செருகும் கால் அங்குலத் துவாரம், நீள ஸ்க்ரூக்களுக்கானது. ரெஞ்ச்சில் சதுர முனை, பெரும்பாலும் அரை அங்குலம், அதில் நட்டைக் கவ்வும் சாக்கெட் மாட்டுவோம். டிரைவரில் அடாப்டர் போட்டு வீல் நட்டைக் கழற்றப் பார்ப்பவர்கள் உண்டு. அடாப்டர் முறுக்கிக்கொண்டு பாதி பலத்தைத் தின்றுவிடும், பல சமயம் உடைந்தே போகும்.

சாதாரணக் கார்களில் வீல் நட்டை இறுக்க வேண்டிய அளவு ஏறக்குறைய 80 முதல் 140 நியூட்டன் மீட்டர். துருப்பிடித்ததைக் கழற்ற அதைப்போல் இரண்டு மடங்கும் தேவைப்படலாம். ஆகவே உண்மையிலேயே 300, 350 தரும் ரெஞ்ச் காருக்குத் தாராளம். பெட்டியில் கழற்றும் டார்க் (முறுக்கு விசை), இறுக்கும் டார்க் என்று இரண்டு எண்கள் இருக்கும், விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது கழற்றும் எண்ணை. 1000க்கு மேல் போகும் பெரிய ரெஞ்ச்கள் லாரி வேலைக்கு. எடையும் அதிகம், காரில் அவை செய்யும் கெடுதலும் அதிகம்.

அந்தக் கெடுதலைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. இம்பாக்ட் ரெஞ்ச்சுக்குள் ஒரு கனமான இரும்புச் சுத்தியும், அது மோதும் அச்சும் இருக்கின்றன. நட் இறுகி எதிர்ப்புக் கொடுத்ததும், சுத்தி ஸ்பிரிங்கை அழுத்திப் பின்வாங்கி, சுற்றி வந்து அச்சை அடிக்கிறது. விநாடிக்குப் பல பத்து அடிகள். அடி முழுக்க நட்டுக்குப் போவதால் உங்கள் மணிக்கட்டுக்கு முறுக்கே தெரியாது. வசதி அதுதான், ஆபத்தும் அதுதான். வீல் ஸ்பேனரில் இறுக்கும்போது கை சொல்லும், "போதும்" என்று. இங்கே கைக்கு எதுவும் தெரியாமலே நட் அளவைத் தாண்டிப் போயிருக்கும். ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) இழுபட்டு நீளும், மரை கெடும், நட்டுகள் ஏறுக்குமாறாக இறுகினால் பிரேக் டிஸ்க் கோணும், பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். வழியில் பஞ்சர் ஆனால் வண்டியோடு வரும் ஸ்பேனரால் யாராலும் கழற்ற முடியாது.

அதனால் ரெஞ்ச்சைக் கழற்ற மட்டும் பயன்படுத்துங்கள். மாட்டும்போது முதல் நான்கைந்து மரையைக் கையால் ஏற்றுங்கள். கை ஏற்றாத நட்டை ரெஞ்ச் ஏற்றினால் அது கோணலாகத்தான் ஏறும். அப்புறம் எதிரெதிராக, ஸ்பேனரால் அளவாகப் பிடித்துவிட்டு, சக்கரம் தரையில் பட்ட பிறகு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடியுங்கள். உங்கள் காருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள். ஸ்பார்க் பிளக், ஆயில் வடியும் பிளக் பக்கம் இம்பாக்ட்டையே கொண்டுபோகாதீர்கள். அவை பல வண்டிகளில் அலுமினிய மரையில் உட்காருபவை, மரை போனால் பழுது பெரிது.

சாக்கெட்டும் இதற்கென்றே வரும் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்டாக இருக்க வேண்டும். பளபளப்பான கை சாக்கெட் அதிக கடினமானது, அடி தாங்காமல் சில்லாக உடைந்து தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ரெஞ்ச்சை எடுக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பெட்ரோல் கசியும் இடத்தில் எந்த மின்கருவியையும் இயக்காதீர்கள், கார்பன் உள்ள மோட்டார் ஓடும்போதே உள்ளே தீப்பொறி விடும்.

செட்டில் கிரைண்டரும் இருந்தால் அதன் பாதுகாப்பு மூடியைக் கழற்றாதீர்கள், இதில் எனக்குச் சமரசமே கிடையாது. டிஸ்க்கில் எழுதியிருக்கும் அதிகபட்சச் சுழல் வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. வெட்டும் டிஸ்க்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் பொறித்திருக்கும், துகள்களைப் பிணைக்கும் பிசின் நாளடைவில் வலுவிழக்கும் என்பதால் பழைய டிஸ்க் வேண்டாம். மரம் அறுக்கும் பல்வைத்த பிளேடைக் கிரைண்டரில் மாட்டவே கூடாது.

பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் சூடுதான். வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் 60 டிகிரியையும் தாண்டலாம், அங்கே கருவிப்பெட்டியை விட்டுவைத்தால் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே சார்ஜரில் போடாமல் ஆறவிடுங்கள். உறையும் குளிரிலும் சார்ஜ் செய்யக்கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். மாதக்கணக்கில் தொடமாட்டீர்கள் என்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

பெயர் தெரியாத மலிவு மாற்றுப் பேட்டரிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். செல்களைத் தனித்தனியாகக் கண்காணிக்கும் ஒயர்களே இல்லாதவை உண்டு. வெப்பத்தை அறியும் சென்சருக்குப் பதில் சாதாரண ரெசிஸ்டர் ஒன்றை வைத்து சார்ஜரை ஏமாற்றியவையும் உண்டு. அப்படிப்பட்டதை இரவில் சார்ஜில் போட்டுவிட்டு யாரும் தூங்கக்கூடாது. ஆணி, ஸ்க்ரூ கிடக்கும் பெட்டியில் பேட்டரியைத் திறந்தபடி போடாதீர்கள், முனைகள் ஷார்ட் ஆகும். உப்பியது, கீழே விழுந்து கூடு பிளந்தது, நனைந்தது எதுவானாலும் சார்ஜில் போட வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பழைய பேட்டரி வாங்கும் மறுசுழற்சி மையத்தில் கொடுங்கள். குப்பையில் போட்டால் நசுங்கும் இடத்தில் தீப்பிடிக்கும், அங்கே வேலை செய்பவர்கள்தான் அதில் மாட்டுவார்கள்.