கூட்டுநர்: ‘ஃபெசிலிடேட்டர்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

மாசி மாதம், காப்பிப் பழம் பறித்து முடிந்த சமயம். சிறு தோட்டக்காரர்களும் மகளிர் குழுப் பெண்களும் ஏற்காட்டில் இரண்டு நாள் கூடிப் பேச ஏற்பாடாகியிருந்தது. அழைப்புத் தாளில் ஒரு பெயருக்குக் கீழே ‘வசதியாளர்’ என்று அச்சடித்திருந்தார்கள். நாகலூர்ப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா அதை என்னிடம் நீட்டி, “வசதியாளர்னா யாருங்க கண்ணு? சாப்பாட்டுச் செலவெல்லாம் அவங்களுதா?” என்று கேட்டார்.

சரியான கேள்வி. தமிழில் வசதியானவர் என்றால் கையில் காசு உள்ளவர். கூட்டத்தில் மற்றவர்கள் பேச வழி செய்பவரைக் குறிக்கும் ‘ஃபெசிலிடேட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை யாரோ அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். சேலத்துப் பயிற்சி வகுப்புகளில் அந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே பேசுகிறோம். எழுதும்போதுதான் திண்டாட்டம். அன்றிலிருந்து இந்தச் சொல்லை விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

மூலம் லத்தீன். ‘ஃபகெரே’ என்றால் செய்தல். அதிலிருந்து ‘ஃபகிலிஸ்’, அதாவது செய்ய முடிகிற, எளிதான. இது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 17-ஆம் நூற்றாண்டில் ‘எளிதாக்கு’ என்ற பொருளில் வினைச்சொல்லாக நிலைத்தது. ‘ஃபெசிலிட்டி’ என்பதும் இதே வேரில் கிளைத்ததுதான். அதை நாம் வசதி என்கிறோம்; அந்தப் பழக்கத்தில்தான் ‘வசதியாளர்’ பிறந்திருக்க வேண்டும். வசதி என்பதே வடமொழியில் குடியிருக்கும் இடத்தைக் குறித்த சொல், தமிழுக்கு வந்து சௌகரியம் என்று பொருள் மாறிவிட்டது. ஆக, வேரிலும் ஒட்டவில்லை, வழக்கிலும் ஒட்டவில்லை.

குழுக்களோடு இந்தச் சொல் சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1960-களில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், மனம் திறந்து பேசும் குழுக்களில் நடுவில் இருப்பவரை ‘தலைவர்’ என்று சொல்லாமல் ‘ஃபெசிலிடேட்டர்’ என்றார். வகுப்பறை ஆசிரியருக்கும் அந்தச் சொல்லையே முன்வைத்தார். சொல்லிக்கொடுப்பவர் இல்லை, கற்பது நடக்க விடுபவர். பொருள் இங்கேயே மாறிவிட்டது. வேலையை எளிதாக்குவது என்பதிலிருந்து, தான் ஒதுங்கி நின்று மற்றவர்கள் வேலையை நடக்க விடுவது என்றாகிவிட்டது.

இந்தப் பொருளை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர். அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது காப்பியில் தொடங்குகிறது. 1983-ல் 250 பேர் கலந்துகொள்ளும் ஒரு பன்னாட்டு மாநாட்டை அவர் நடத்தினார். தயாரிப்புக்கே ஒரு முழு வருடம் ஆனது. கட்டுரைகள், பேச்சாளர்கள், நேர அட்டவணை எல்லாம் இருந்தன. முடிந்தபின் பார்த்தால், எல்லோருக்கும் பிடித்திருந்தது காப்பி இடைவேளைதான். அவர் திட்டமிடாத ஒரே பகுதி அது. ஒரு மாநாடு முழுக்கக் காப்பி இடைவேளையாகவே இருந்தால் என்ன என்று யோசித்தார்.

அவருக்கு இன்னொரு நினைவும் இருந்தது. முன்பு புகைப்படச் செய்தியாளராக ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குப் போயிருந்தபோது உள்நாட்டுக் கிராமம் ஒன்றில், பையன்கள் ஆளாகும் சடங்கைப் பார்த்திருந்தார். சுமார் 500 பேர் நான்கு நாள் கொண்டாடினார்கள். விழாக்குழு என்று ஒன்று அவர் கண்ணில் படவில்லை. ஆனாலும் எல்லாம் அதனதன் நேரத்தில் நடந்தது. ஊர் நடுவில் ஒரு வெட்டவெளி, சுற்றி மக்கள், அவ்வளவுதான். நம் ஊர் நோன்பி, திருவிழாவைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இது புரியாத விஷயமில்லை.

1985-ல் கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் 85 பேரை வட்டமாக உட்கார வைத்தார். முன்கூட்டிய நிகழ்ச்சி நிரல் இல்லை. பேச விரும்பும் பொருள் உள்ளவர் நடுவில் வந்து, அதை ஒரு தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, நேரமும் இடமும் குறித்துச் சுவரில் ஒட்ட வேண்டும். சந்தையில் கடை பார்ப்பதுபோல மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் தமக்கு வேண்டிய இடத்துக்குப் போவார்கள். இதற்கு ஆங்கிலத்தில் ‘ஓப்பன் ஸ்பேஸ்’ என்று பெயர். வந்தவர்களே வர வேண்டியவர்கள், எப்போது தொடங்குகிறதோ அதுவே சரியான நேரம், முடிந்தால் முடிந்தது, இப்படி நான்கைந்து கொள்கைகள். அப்புறம் ஒரே ஒரு விதி, ‘இரண்டு கால் விதி’. நீங்கள் இருக்கும் இடத்தில் உங்களுக்குக் கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால், உங்கள் கால்களைப் பயன்படுத்தி வேறிடம் போங்கள். பேசுகிறவரை அவமதிப்பதாக இதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மேடையில் பேசுகிறவர் முடிக்கும்வரை மரியாதைக்காக உட்கார்ந்தே பழகிய நமக்கு இது பெரிய விடுதலை என்றே நினைக்கிறேன்.

இதில் ஃபெசிலிடேட்டருக்கு என்ன வேலை? தொடக்கத்தில் சில நிமிடம் பேசி விதியைச் சொல்வார். பிறகு எந்தக் குழுவிலும் தலையிட மாட்டார். ஓவன் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது காலியான காப்பிக் கோப்பைகளைப் பொறுக்கி எடுத்து வைப்பார். அதையும் அந்த வேலையின் ஒரு பகுதியாகவே கருதினார். இந்தக் கோப்பைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1989-ல் இந்த முறை அவருடைய வட்டத்தைத் தாண்டியது. ஒரு மாத இடைவெளிக்குள் அமெரிக்க நிறுவனமொன்றின் வேதியியலாளர்களும், இந்தியாவில் நிர்வாகிகளும் அறிஞர்களும் கூடிய ஒரு சந்திப்பும் இதைக் கையாண்டார்கள். காப்புரிமை எதுவும் கோராமல் ஓவன் விட்டுவிட்டதால் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்தார்கள், கண்டம் கண்டமாகப் பரவியது. 1995-ல் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டில், சின்ன மேசைகளில் மாறி மாறி உட்கார்ந்து பேசும் ‘வேர்ல்டு கஃபே’ பிறந்தது. அதன் பெயரிலும் காப்பிதான். 2005-ல் தொடங்கிய ‘பார்கேம்ப்’ என்ற சந்திப்பு முறை மறு வருடமே சென்னைக்கு வந்தது. கணினித் துறை இளைஞர்கள் சுவரில் தாள் ஒட்டித் தங்கள் நிகழ்ச்சியைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள்.

அதே 1989-ல் நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. அடுத்த சில வருடங்களில் அந்தத் திட்டம் சேலத்துக்கும் வந்தது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், வாரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன். அந்தக் குழுக்களில் முன்னின்று கூட்டத்தைக் கவனிக்கும் பெண்ணுக்கு ‘ஊக்குநர்’ என்று பெயர். அனிமேட்டர் என்பதன் தமிழ் அது. அழகான சொல். இன்றும் கிராமத்தில் “எங்க ஊக்குநர் வரட்டும்” என்று இயல்பாகச் சொல்வதைக் கேட்கலாம். அரசு கொடுத்த சொற்களில் மக்கள் வாயில் இப்படி ஒட்டிக்கொண்டவை மிகக் குறைவு. ஆனாலும் நம் தேவைக்கு அது முழுவதாகப் பொருந்தாது. ஊக்குவதற்கு ஊக்கம் குறைந்த ஆள் எதிரில் இருக்க வேண்டும். ஓப்பன் ஸ்பேஸில் வருகிறவர்கள் பேசவேண்டியதைச் சுமந்துகொண்டே வருகிறார்கள்.

மற்றச் சொற்களையும் பார்த்துவிடலாம். ‘ஒருங்கிணைப்பாளர்’ என்பது கோ-ஆர்டினேட்டருக்கு நிலைத்துவிட்டது. ‘நெறியாளர்’ தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் பேச்சை நிறுத்தி இன்னொருவருக்கு வாய்ப்புக் கொடுப்பவர். ‘கருத்தாளர்’ ஆசிரியர் பயிற்சியில் கருத்தைக் கொண்டுவந்து தருபவர். இலங்கைத் தமிழில் அவரை வளவாளர் என்கிறார்கள். ‘எளிதாக்குநர்’ வேரோடு மிகச் சரி, ஆனால் எதை எளிதாக்குகிறார் என்ற கேள்வி தொங்கிக்கொண்டே நிற்கிறது. ‘ஏதுவாளர்’ எனக்கு ஓரளவு பிடித்த சொல். “பேசுவதற்கு ஏதுவாக இருந்தது” என்பது எல்லோரும் பேசும் தமிழ்தானே. ஆனால் ‘ஏதுவாளர்’ என்று மலையில் சொல்லிப் பார்த்தேன், “எதுவாளர்?” என்று திருப்பிக் கேட்டார்கள்.

விடை, நாம் பள்ளியில் படித்த தன்வினை, பிறவினையில் இருக்கிறது. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. அதுபோலக் கூடு, கூட்டு. கூட்டம் கூடியது என்றால் மக்கள் தாமாக வந்தார்கள். கூட்டத்தைக் கூட்டினார் என்றால் ஒருவர் வரவழைத்தார். தானே அமையும் கூட்டம் என்று ஆங்கிலம் இரண்டு மூன்று சொற்களில் சொல்வதைத் தமிழ் ஒரு மெய்யெழுத்தை விட்டுச் சொல்லிவிடுகிறது. ‘கூட்டுநர்’ செய்வது அந்த ஒரே ஒரு பிறவினை. அவர் கூட்டுவதோடு சரி, அப்புறம் கூடுவதும் பேசுவதும் கலைவதும் வந்தவர்களின் தன்வினை.

கூட்டுநர் என்று ஏற்கனவே கன்வீனருக்கு எழுதுகிறோமே என்று கேட்பார்கள். எழுதுகிறோம். ஆனால் கன்வீனருக்கு அமைப்பாளர் என்றும் ஒரு சொல் பரவலாக வழங்குகிறது. கூட்டத்துக்கு அழைப்பு விடுப்பவர் என்றால் அழைப்பாளர் போதும். இரண்டு பொருளிலும் கொஞ்ச காலம் புழங்கினாலும் பெரிய குழப்பம் வராது, இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஒன்று மட்டும்: ‘கூட்டுனர்’ என்று எழுதவேண்டாம். ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர் எல்லாவற்றிலும் வருவது ‘நர்’ என்ற விகுதி. ‘னர்’ என்று எழுதிப் பழகிவிட்டோம், அது பிழை.

இனி அந்தக் காப்பிக் கோப்பைகள். ஏற்காட்டுச் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை நான் சீக்கிரமே போய்விட்டேன். பனி இன்னும் விலகவில்லை. முந்தின நாள் ஒட்டிய தாள்கள் சுவரில் அப்படியே இருந்தன: மிளகுக் கொடி வாடுவது, தோட்டத்துக்குள் வரும் காட்டெருமை, காப்பிக்கொட்டையை யாரிடம் விற்பது, குழுக் கடனில் ஒரு சிக்கல். காட்டெருமைத் தாளைச் சுற்றி முந்தின நாள் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். கடன் தாளுக்கு இரண்டே பெண்கள். அந்த இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டையும் மறந்து பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அழைப்புத் தாளில் ‘வசதியாளர்’ என்று பெயர் போட்டிருந்த அந்தப் பெண், ஒரு விளக்குமாற்றை வைத்துக்கொண்டு சில்வர் ஓக் சருகுகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். திண்ணையில் கிடந்த டம்ளர்களை ஏற்கனவே எடுத்துக் கழுவிக் கவிழ்த்திருந்தார். நாற்காலிகளை வட்டமாகப் போட நானும் கைகொடுத்தேன்.

கூட்டுவதற்குத் தமிழில் இந்தப் பொருளும் உண்டு. சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் வாசல் கூட்டுவதும். அதையே பெருக்குவது என்றும் சொல்கிறோம். கணக்கில் வரும் கூட்டலும் பெருக்கலும் வீட்டு வாசலிலும் இருக்கின்றன என்பதை அந்தக் காலை வரை நான் கவனித்ததே இல்லை. ஓவன் கோப்பை பொறுக்கியதை எந்தத் தமிழ்ச் சொல்லுக்குள் வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன், சொல் என் கண்முன் சருகு தள்ளிக்கொண்டிருந்தது.

நாகலூர் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு படியேறி வந்தார். “யாருங்க அது கூட்டிக்கிட்டிருக்கிறது, நேத்து நடுவுல நின்னு பேசுன பிள்ளைதானே?” என்றார். ஆமாம் என்றேன். நேற்றைய தாளில் போட்டிருந்த பெயர் அவருடையதுதான் என்றும் சொன்னேன். அம்மா மடியிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். ‘வசதியாளர்’ என்பதை அடித்துவிட்டு என்ன எழுத வேண்டும் என்று சொன்னால் எழுதிவிடுவேன் என்று பேனாவுக்குக் கை நீட்டினார். சொன்னேன். எழுத்துக் கூட்டி, நிதானமாக எழுதினார்.