நினைவூட்டலா, நினைவுகூரலா?

டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் குலையும் நோய், உள்ளவர்களைப் பராமரிப்போருக்கான கையேடுகளில் 'நினைவூட்டல் சிகிச்சை' என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ரெமினிசென்ஸ் தெரபியைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். சொல் இரண்டு, இரண்டுமே பொருந்தவில்லை.

பழைய புகைப்படம், இளவயதில் கேட்ட பாட்டு, கைபழகிய ஒரு பொருள் என ஏதாவது ஒன்றைக் கொடுத்து, அவர் பாட்டுக்குப் பேச விட்டுக் கூட உட்கார்ந்து கேட்பதுதான் இது. முதியவர்கள் பழங்கதை பேசுவதை மூளைத் தளர்ச்சி என்று ஒதுக்கிய காலத்தில், அது இயல்பானது, தேவையானது என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். லத்தீனில் ரெமினிஸ்கி என்றால் மனத்துக்குள் மீட்டுக்கொள்வது. டிமென்ஷியாவில் இருக்கும் 'மென்' என்பதும் அதே வேர்தான். சொற்பிறப்பு அவ்வளவே.

இனி 'ஊட்டல்'. உண் தன்வினை, ஊட்டு பிறவினை. ஊட்ட இன்னொருவர் வேண்டும். வாயைத் திறப்பது மட்டுமே உண்பவர் வேலை. போன் மணியடித்து மாத்திரை நேரத்தைச் சொல்கிறதே, அது நினைவூட்டல். கையேட்டில் 'நினைவூட்டல் சிகிச்சை' என்ற தலைப்பைப் படிக்கும் மகள் என்ன செய்வாள்? ஆல்பத்தைத் திறந்து, "அப்பா, இது யாரு சொல்லுங்க? போன வாரம்கூடச் சொன்னேனே!" என்று தொடங்குவாள். பெயர் வராது. அப்பாவின் முகம் சுருங்கும், ஆல்பம் மூடிக்கொள்ளும். செய்யக்கூடாதது எதுவோ அதையே தலைப்பு சொல்லிக்கொடுத்துவிட்டது! படத்தில் இருப்பவர் பெயர் தெரியாவிட்டால் என்ன, பக்கத்தில் நிற்கும் சைக்கிளைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசக்கூடும். நேற்று நடந்தது நழுவினாலும் இளவயது நினைவுகள் பலருக்கு நெடுநாள் தங்கும். ஊட்ட வேண்டியதில்லை, அது உள்ளே இருக்கிறது.

அதனால்தான் 'நினைவுகூரல்' என்கிறேன். 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்பது தொல்காப்பியம். கூர்தல் என்றால் ஏற்கெனவே உள்ளது மிகுதல். இதைவிடப் பொருத்தமான வினையைத் தேடிப்பிடிக்க முடியாது. 'அது தலைவர்களுக்கு மாலை போடும் நாளுக்கான சொல்லாச்சே' என்பார்கள். சரி, பேச்சில் 'அசைபோடுதல்' இருக்கிறது. பசுவிடமிருந்து வந்தாலும் அழகான சொல். தாளில் அச்சிடக் கூச்சமாக இருந்தால் நினைவுகூரலே இருக்கட்டும். அகராதியில் முதலில் அகப்பட்டதை ஒட்டிவிட்டு அடுத்த பக்கம் போகிற அவசரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. டிமென்ஷியாவுக்கு வைத்த 'முதுமை மறதி'யும் அப்படி வந்ததுதான். அறுபது தாண்டாதவருக்கும் இந்நோய் வருகிறது. மறதியோடு பேச்சும் முடிவெடுக்கும் திறனும் குலைகின்றன.

அப்புறம் 'சிகிச்சை'. வடசொல் என்பதால் எனக்கு வருத்தமில்லை. அதைக் கேட்டதும் குணமாகிவிடும் என்று குடும்பம் காத்திருக்கிறது, அதுதான் சங்கடம். தெரபி என்பதன் கிரேக்க மூலத்துக்கு அருகிலிருந்து பணிவிடை செய்வது என்றும் பொருள் உண்டு. 'நினைவுகூரும் நேரம்' என்றாலே வீட்டில் எல்லோருக்கும் புரியும். 'நினைவுகூரல் சிகிச்சை' என்று பாதி திருத்தினாலும் சரி, நான் சண்டைக்கு வரமாட்டேன்.