அரங்கின் ஆரவாரம் தடகள வீரரை என்ன செய்கிறது?

நூறு மீட்டர் ஓட்டத்தில் ‘செட்’ என்ற கட்டளை ஒலித்ததும், பல்லாயிரம் பேர் நிறைந்த அரங்கமே மூச்சடக்கிக் காத்திருக்கிறது. அந்த அமைதி இல்லாமல் போட்டியை நேர்மையாக நடத்தவே முடியாது. துப்பாக்கி ஒலித்த 0.1 விநாடிக்குள் காலை உந்தினால் அது தவறான தொடக்கம். தேர்ந்த வீரர்கள் பெரும்பாலும் 0.12 முதல் 0.18 விநாடிக்குள் கிளம்பிவிடுகிறார்கள். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.003 விநாடி ஆகிறது. ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம் என்பதால், முதல் தடத்தருகே வெடிக்கும் துப்பாக்கியின் ஒலி எட்டாம் தடத்துக்கு 0.025 விநாடி பிந்தியே போய்ச் சேரும். இந்தக் குறையைப் போக்கவே பெரிய போட்டிகளில் ஒவ்வொரு வீரரின் பின்னாலும் ஓர் ஒலிபெருக்கியை வைக்கிறார்கள். இவ்வளவு கவனத்தையும் யாரோ ஒருவர் ஊதும் விசில் குலைத்துவிடக்கூடும். உடல் முழுவதும் பாய்ச்சலுக்கு ஆயத்தமாக இருக்கும்போது, திடுக்கிட வைக்கும் எந்த ஒலியும் அந்தப் பாய்ச்சலைத் தானாகவே கிளப்பிவிடும்.

மும்முறைத் தாண்டலில் நிலைமை வேறு. 1981இல் ஸ்டாக்ஹோமில் அமெரிக்க வீரர் வில்லி பேங்க்ஸ், பார்வையாளர்களின் கைதட்டலோடு சேர்ந்து ஓடத் தொடங்கினார். இன்று தாண்டுபவர்கள் தாங்களே கையை உயர்த்தி அதைக் கேட்கிறார்கள். அந்தத் தாளம் காலடிகளை வழிநடத்துகிறது என்று பலர் எண்ணுகிறோம். ஆனால் நூறு மீட்டர் தொலைவிலுள்ள இருக்கைகளிலிருந்து கைதட்டல் வந்துசேர 0.3 விநாடி ஆகிறது. அதற்குள் வேகமெடுத்த வீரர் ஓரடிக்கு மேல் வைத்துவிடுவார். ஆகவே கைதட்டலின் உண்மையான பங்கு உடலைக் கிளர்ச்சியுறச் செய்வதுதான் என்று கருதுகிறேன்: அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, உந்து விசை கூடுகிறது. அதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஏறக்குறைய நாற்பது மீட்டர் ஓடிவந்து இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள தாண்டு பலகையில் காலை ஊன்ற வேண்டியவருக்கு, ஒவ்வோர் அடியும் சற்றே நீண்டாலும் கால் பலகையைத் தாண்டிவிடும். அந்தத் தாண்டல் செல்லாது என்று சிவப்புக் கொடி உயர்ந்துவிடும். சில உயரம் தாண்டும் வீரர்கள் அமைதி காக்குமாறு சைகை காட்டுவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அப்படியானால் ஆரவாரமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2021இல் கொரோனா பெருந்தொற்றால் டோக்கியோ ஒலிம்பிக் அரங்கின் இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. ஆகஸ்ட் 1 அன்று வெனிசுவேலாவின் யூலிமார் ரோஹாஸ் மகளிர் மும்முறைத் தாண்டலில் 15.67 மீட்டர் தாண்டினார். இரண்டு நாள் கழித்து நார்வே வீரர் கார்ஸ்டன் வார்ஹோம் 400 மீட்டர் தடையோட்டத்தை 45.94 விநாடியில் முடித்தார். இரண்டுமே அப்போது புதிய உலக சாதனைகள். வார்ஹோமைக் கடைசித் தடை வரை துரத்தி வந்த அமெரிக்க வீரர் ராய் பெஞ்சமினும், அதுவரையிலான சாதனையான 46.70ஐ முறியடித்து 46.17 விநாடியில் இலக்கைத் தொட்டார்.