ஒரே மென்பொருள், மூன்று இயங்குதளங்கள்

விண்டோஸில் ஓர் அமைப்பை மாற்றினால் எழும்பும் பெட்டியில் 'சரி' முதலில் இருக்கும், 'ரத்து' அதற்கு வலப்பக்கம் இருக்கும். மேக்கில் நேர்மாறு: உறுதிசெய்யும் பட்டன்தான் வலது ஓரத்தில். பழகிய கை எழுத்தைப் படிப்பதில்லை, இடத்தை வைத்தே அழுத்திவிடும். விண்டோஸ் பெட்டியை அப்படியே மேக்குக்குக் கொண்டுபோனால், 'சரி' என்று நினைத்தவர் ரத்து செய்துவிடுவார். ஹோம் விசையும் அப்படித்தான். விண்டோஸில் அது வரியின் தொடக்கத்துக்குப் போகும். மேக்கில் ஆவணத்தையே மேலே உருட்டிவிடும்.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் ஒரே நிரலை எங்கும் ஓட்டுவது எப்படி? அடிப்படையில் இரண்டு வழிகள். இயங்குதளம் தரும் பட்டன், மெனுக்களையே பயன்படுத்திக்கொள்வது ஒன்று. தோற்றமும் பழக்கமும் தானாகச் சரியாக வரும். ஆனால் எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக உள்ளதை மட்டுமே நம்ப முடியும். ஜாவா நிரல்மொழியின் முதல் இடைமுகத் தொகுப்பான ஏடபிள்யூடி (AWT) இதில்தான் மாட்டிக்கொண்டது. ஓர் அட்டவணையைக் காட்டக்கூட அதில் தயாரான உறுப்பு கிடையாது. ஜாவாவில் அடுத்து வந்த ஸ்விங் தொகுப்பு இரண்டாவது வழியில் போனது: எல்லாவற்றையும் தானே வரைந்துகொண்டது. 2013-இல் தொடங்கிய எலக்ட்ரான் என்ற செயலி உருவாக்கும் தொகுப்பு ஒரு படி மேலே போய், ஒவ்வொரு செயலியோடும் குரோமுக்கு அடிப்படையான குரோமியம் உலாவியையே சேர்த்துக் கட்டி அனுப்புகிறது. நினைவகத்தை அது விழுங்குவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

தானே வரைவதில் உள்ள சிரமம் வெளியே தெரியாது. 'கொ' என்று தட்டிப் பாருங்கள். நினைவகத்தில் முதலில் க, அடுத்து ஒகரக் குறி. திரைக்கு வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் உட்கார வேண்டும். கொம்புக்கும் க-வுக்கும் நடுவே கர்சர் நிற்கக் கூடாது. இயங்குதளத்தின் எழுத்துப்பெட்டி இதையெல்லாம் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. சொந்தமாக ஒரு பெட்டியை வரைந்தால் இது முழுவதும் நம் தலையில் விழும்.

திரையில் இருப்பதைப் பார்வையற்றவருக்குப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் விஷயம் இன்னும் முக்கியமானது. நாமே வரைந்த பட்டன் கணினிக்கு வெறும் வண்ணப் புள்ளிகள்தான். 'இது பட்டன், இதன் பெயர் சேமி' என்று விண்டோஸுக்கு ஒரு விதமாகவும், மேக்குக்கும் லினக்ஸுக்கும் வேறு விதங்களிலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பார்வையற்ற பயனருக்கு அங்கே பட்டனே இல்லை. குரோமியத்தில் இந்த வேலை பெருமளவு நடந்திருப்பதால், எலக்ட்ரானை வெறும் சோம்பேறித்தனம் என்று ஒதுக்குவது நியாயமல்ல.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரே குழு, ஒரே நிரல், ஒரே இடத்தில் பிழைதிருத்தம் என்ற லாபமெல்லாம் முதலில் போவது உருவாக்குபவருக்கு. பயனர் பெரும்பாலும் ஒரே கணினி முன்தான் உட்கார்ந்திருக்கிறார். மற்றத் தளங்களிலும் அது ஓடுவதால் அவர் வேலை எளிதாவதில்லை. லினக்ஸ் பயனர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. தனிப் பதிப்பு எழுத ஆளில்லாத இடத்தில், கொஞ்சம் அந்நியமாகத் தெரியும் மென்பொருளும் பெரிய உதவிதான். நாள் முழுக்க உள்ளேயே இருந்து வேலை செய்யும் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருள் போன்றவையும் விதிவிலக்கு: அதன் இடைமுகம் எங்கும் ஒன்றே, கை அதற்கே பழகிவிடும்.

எனக்குப் பிடித்தது டிரான்ஸ்மிஷன் என்ற டாரன்ட் மென்பொருளின் வழி. கோப்புகளை இறக்கும் உள் நிரல் எல்லாத் தளங்களுக்கும் ஒன்று. மேக்கில் பயனர் பார்க்கும் முகம் மட்டும் மேக்குக்கென்றே தனியாக எழுதப்பட்டது. வீடியோ ஓட்டும் விஎல்சி-யும் ஏறக்குறைய இப்படித்தான்.

சின்னக் குழுவால் மூன்று முகங்கள் எழுத முடியாதுதான். அப்படியானால் நிறத்தையும் வளைவையும் விட்டுவிட்டு, குறுக்குவிசை, பட்டன் வரிசை, திரைவாசிப்பான் மூன்றையும் முதலில் சரிசெய்யலாம். கியூட்டி (Qt) போன்ற இடைமுகத் தொகுப்பில் பட்டன் வரிசையைத் தளத்துக்கேற்ப மாற்றும் உறுப்பு தயாராகவே இருக்கிறது. பட்டன்களைக் கையால் அடுக்காமல் அதனிடம் விட்டாலே போதும்.