அதட்டினால் வெண்டை பூக்குமா?

வீவக அடுக்குமாடி நடைவழியில் யாரோ இரும்புக் கதவை அறைந்து சாத்துகிறார்கள். எல்லோரும்தான் திரும்பிப் பார்க்கிறோம், மறுநொடி மறந்தும் விடுகிறோம். படையில் பல ஆண்டுகள் இருந்து வந்த சிலருக்கு மட்டும் நெஞ்சுப் படபடப்பு அடங்க நேரமாகிறது. சிங்கப்பூர்தான் போருக்கே போகவில்லையே என்று கேட்கலாம். 2007 முதல் 2013 வரை நம் படையினர் ஆப்கானிஸ்தானில் பணியாற்றினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே கரையில், மெலாபோவில் உதவிக்கு இறங்கியவர்கள் பார்த்ததும் லேசில் மறக்கக்கூடியதன்று. இப்படிப்பட்டவர்களுக்குத் தோட்டவேலை உதவும் என்கிறார்கள். எப்படி?

மூளையில் அமிக்டலா என்றொரு பகுதி உண்டு. ஆபத்து என்று அதற்குப் பட்டால் போதும், யோசிப்பதற்கு முன்பே உடம்பு தயாராகிவிடும். அட்ரினலின் பாயும், இதயம் வேகமெடுக்கும், சற்றுப் பிந்திக் கார்டிசோல் என்ற மனஅழுத்த ஹார்மோன் ஏறும். நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளைப் புறணி நிலைமையைப் பார்த்து, “ஒன்றுமில்லை, கதவுதான்” என்று அதை அடக்க வேண்டும். பேரதிர்ச்சியைக் கண்டவர்களிடம் இந்த அடக்கும் வேலைதான் தடுமாறுகிறது.

தோட்டம் இதில் என்ன செய்கிறது? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், “கார்டிசோல் குறையும்” என்பது. 2011இல் நெதர்லாந்தில் 30 தோட்டக்காரர்களுக்கு மூளையைப் பிழியும் ஒரு சோதனை வைத்தார்கள். அதன் பிறகு பாதிப் பேர் அரை மணி நேரம் தோட்டவேலை செய்தார்கள், மீதிப் பேர் உள்ளே உட்கார்ந்து படித்தார்கள். இரு தரப்பிலும் கார்டிசோல் இறங்கியது. மண்ணில் கைவைத்தவர்களிடம் கூடுதலாக இறங்கியது. நல்ல சேதிதான். ஆனால் அதிர்ச்சிக்குப் பிந்திய மனஉளைச்சல் உள்ளவர்களிடம் கார்டிசோல் எப்போதும் கூடியிருப்பதில்லை. சில ஆய்வுகளில் இயல்பைவிடக் குறைவாகவே இருந்தது. ஆக, அந்த ஒரே ஹார்மோனை வைத்துக் கதையை முடித்துவிட முடியாது.

மண்ணிலிருக்கும் ஒரு பாக்டீரியா மனச்சோர்வை விரட்டும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் அப்படித்தான். மைக்கோபாக்டீரியம் வேக்கே என்ற அந்த நுண்ணுயிர், மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் நரம்பணுக்களைத் தூண்டியதாக 2007இல் வந்த ஆய்வு எலிகளிடம் நடந்தது. அதுவும் உடலுக்குள் நேரடியாகச் செலுத்தி.

எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுவது வேறு. ஒருமுறை பதிந்த அச்சம் மூளையிலிருந்து அழிவதில்லை. அதன்மேல் “இங்கே ஆபத்தில்லை” என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். அந்தப் பாடம் ஒரே நாளில் ஏறாது. கொஞ்சநாள் விட்டால் பழைய அச்சம் தலைதூக்கும் என்பதால் திரும்பத் திரும்பப் படித்தாக வேண்டும். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றப் போகிறவருக்கு யாரும் சொல்லாமலே அது நடக்கிறது.

அதோடு, படையிலிருந்து வந்தவரின் எந்நேர விழிப்பை அணைக்கச் சொல்லாத இடம் தோட்டம். வெண்டை இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரத்தில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி, தண்டில் மேலும் கீழும் ஓடும் எறும்பு வரிசை. பூச்சி கசியவிடும் தித்திப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. சுற்றுக்காவல் போய்ப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் சட்டென்று பிடிபடும். வீட்டில் எல்லோரையும் எரிச்சல்படுத்திய அதே கூர்மை இங்கே வேலைக்கு ஆகிறது. “இது என் கோளாறு” என்று ஒதுக்கியதை “இதுவும் நான்தான்” என்று ஏற்க, இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

குற்றவுணர்வு இன்னும் கடினமான சமாசாரம். “நான் சரியாகச் செய்திருந்தால் அது நடந்திருக்காது” என்ற எண்ணம் பலரை ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. படையில் தவறு என்றால் பொறுப்பாளி ஒருவர் இருந்தாக வேண்டும். செடியோ எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சாகும். மூன்று நாள் அடைமழையில் வேர் அழுகினால் யார்மேல் பழிபோடுவது? வாரண்ட் அதிகாரியாக இருந்தவரை ஓய்வுக்குப் பிறகும் “என்சிக்” (மலாயில் ‘ஐயா’) என்றே கூப்பிடுவார்கள். “என்சிக், போதும், இன்னும் ஊத்தினா அழுகிடும்” என்று பக்கத்துப் பாத்தி அக்கா சொல்லும்போது அவர் குழாயை மூடித்தான் ஆகவேண்டும். வெண்டை விதைத்து ஒரு வாரத்தில் முளைக்கும், ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பூக்கும். அந்த மஞ்சள் பூவும் ஒரே நாள்தான். எந்த அதட்டலும் இந்தக் கணக்கை மாற்றாது.

சிங்கப்பூரிலேயே 59 முதியவர்களை வைத்துத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோட்டச் சிகிச்சையைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். தோட்டம் போட்டவர்களிடம் அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 குறைந்தது. நினைவாற்றலில் பெரிய மாற்றமில்லை. இவர்கள் பொதுவான மூத்தோர், முன்னாள் வீரர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் மறக்கக்கூடாது. கெட்ட கனவில் தினமும் விழித்துக்கொள்கிறவருக்கு மனநல மருத்துவர்தான் முதலில். தோட்டம் அதற்குத் துணை.

இடம் கிடைக்க வழிகள் உண்டு. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டம் வழியே வட்டாரத் தோட்டங்களில் சேரலாம். தனியாக வேண்டுமென்றால் பூங்காக்களில் 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட பாத்தி வாடகைக்குக் கிடைக்கும். முதல் சிகிச்சைத் தோட்டம் 2016இல் ஹோர்ட்பார்க் பூங்காவில் திறந்தது.

தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிட்டால் ஏடிஸ் கொசு வரும். இன்னொன்று, நம் மண்ணில் மெலியாய்டோசிஸ் நோய்க் கிருமி உண்டு. மழைக்காலத்தில் கீறல் வழியே உடம்புக்குள் போகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். கையுறை, மூடிய காலணி இல்லாமல் மண்ணில் இறங்க வேண்டாம். பழைய ராணுவ பூட்ஸ் அலமாரியில் கிடந்தால் அதுவே தாராளம்.