நாயின் கண்ணுக்குள் வெளிச்சம் போகும் வழி

"எங்கட ரைகரை ஒருக்கா வடிவாக் கீறித் தாங்கோ" என்று வைபரில் ஒரு போட்டோ வந்து விழும். அனுப்புகிறவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார், நாய் கொக்குவிலில் அம்மாவோடு இருக்கும். யாழ்ப்பாணத்தில் படம் கீறுகிறவர்களுக்கு இது இப்போது பழகிப்போன வேலை. ரோமத்தை ஒவ்வொன்றாக இழுத்து வைத்தாலும் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது கண்ணைத்தான். அது சரியில்லை என்றால், "இது எங்கட நாய் மாதிரி இல்லை" என்ற ஒரு வசனத்தோடு கதை முடிந்துவிடும். எது பிழை என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது.

பெரும்பாலும் பிழை நிறத்தில் இருக்காது. மண்ணிறம் மண்ணிறமாகத்தான் இருக்கும். நிறம் பூசிய ஒரு பரப்பாகக் கண்ணை நினைத்துக் கீறுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ரோமத்தில் பட்ட ஒளி அங்கேயே சிதறித் திரும்பிவிடும். கண்ணில் பட்ட ஒளியோ உள்ளே போய், வளைந்து, ஒரு பகுதி விழுங்கப்பட்டு, மிச்சம் வேறொரு இடத்திலிருந்து வெளியே வருகிறது. அந்த வழி விளங்கிவிட்டால் எந்தப் பெயின்ற் எங்கே போக வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

கண்ணின் முன்பக்கத்தில் தெளிவாக, வெளியே குவிந்து நிற்பது விழிவெண்படலம். அதற்குப் பின்னால் தெளிந்த நீர், அப்புறம் நிறமுள்ள கதிராளி, அதன் நடுவே ஓட்டையாகக் கண்மணி. மனிதரில் விழிவெண்படலம் ஏறத்தாழ 11 முதல் 12 மில்லிமீற்றர் அகலம். நாயில் இனத்துக்கு இனம் மாறும் என்றாலும் 13 முதல் 17 வரை இருக்கும். அதனால்தான் நாயின் இமைத் திறப்பு முழுவதையும் மண்ணிறமே அடைத்துக்கொள்கிறது, வெள்ளை வெளியே தெரிவது குறைவு. மனிதக் கண்ணைக் கீறிப் பழகிய கை, இரண்டு ஓரத்திலும் வெள்ளை முக்கோணம் விடப் பார்க்கும். நாய் மிரண்டு ஓரக்கண்ணால் பார்க்கும்போதுதான் அந்த வெள்ளை நன்றாகத் தெரியும். ஆகவே படத்தில் அதைப் பெரிதாக விட்டால் சாதுவான நாயும் பயந்த நாயாகிவிடும்.

இனி அந்த வெள்ளைப் புள்ளி. கண்ணுக்கு உயிர் கொடுப்பது அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலர் "கண்மணியில்" என்பார்கள். இல்லை, அது விழிவெண்படலத்தை மூடியிருக்கும் மெல்லிய கண்ணீர்ப் படலத்தின் தெறிப்பு. நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்களவைத்தான் அந்தப் பரப்பு திருப்பி அனுப்புகிறது, மிச்சமெல்லாம் உள்ளே போய்விடும். பின்னால் கும்மிருட்டாக இருப்பதால் அந்த 2 பங்கே கண்ணைப் பறிக்கிறது. விழிவெண்படலத்தின் உட்பக்கமும், கண்மணிக்குப் பின்னால் இருக்கும் வில்லையின் இரண்டு பக்கங்களும் கூடத் தனித்தனித் தெறிப்புகளைத் தரும். நான்கையும் சேர்த்து, 19ஆம் நூற்றாண்டின் செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யேயின் பெயரால் அழைப்பார்கள். கீறுகிறவருக்கு முதலாவது மட்டும் போதும், மற்றவை அவ்வளவு மங்கல்.

அந்தத் தெறிப்பு வெறும் புள்ளியும் இல்லை. குவிந்த பரப்பு எதிரே உள்ளதையெல்லாம் சிறிதாக்கி நிமிர்ந்தபடி காட்டும். மத்தியானத்தில் விறாந்தையில் படுத்திருக்கும் நாயின் கண்ணருகே, அது பழகிய நாயாக இருந்தால் மட்டும், ஓர் அடி தூரத்தில் குனிந்து பாருங்கள். மேலே நீலம் கலந்த வெள்ளையாக வானம் ஒரு கீற்றுத் தெரியும். அதன் மேல் விளிம்பைத் தாழ்வாரத்து ஓடு நேராக வெட்டியிருக்கும். கீழ் விளிம்பு நேராக இராது, வேலிக்கு அப்பால் நிற்கும் பனைகளின் வட்டுகள் அதில் கறுப்பாகக் குத்திக்கொண்டு நிற்கும். அதற்கும் கீழே முற்றத்து மண்ணின் சூடான சாயல். நடுவே இருட்டாகத் தெரிவது உங்கள் தலை. ஓரத்துக்குப் போகப் போக ஒளி சரிவாக விழுவதால் தெறிப்பும் கூடும். அதனால் வானத்தின் அந்த நீலச் சாயல் மேல் விளிம்பில் கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கும்.

இந்தத் தெறிப்பு முன்பரப்பில் கிடப்பதால் பின்னால் இருக்கும் எல்லைகளை அது மதிக்காது. பாதி கண்மணி மேலும் பாதி கதிராளி மேலும் விழும். கண்மணியின் நட்ட நடுவில் பக்குவமாக ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தால் ஆழம் போய்விடும். இன்னொன்று: நாய் தலையை ஆட்டாமல் பார்வையை மட்டும் பக்கவாட்டில் திருப்பினால், கண்மணி போகும் தூரத்துக்குத் தெறிப்பு போகாது. அது ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கும். பார்வை எங்கே போகிறது என்று கணக்கிடும் கருவிகள் பல, கண்மணிக்கும் தெறிப்புக்கும் இடையிலான இந்த விலகலைத்தான் அளக்கின்றன. இடது பக்கம் பார்க்கும் நாயைக் கீறும்போது புள்ளியையும் கண்மணியோடு சேர்த்து இடது பக்கம் இழுத்துவிடாதீர்கள்.

வெயிலடிக்கும் முற்றத்தில் எடுத்த போட்டோக்களில் புள்ளி கண்ணின் மேல் விளிம்புக்கே ஏறி நிற்கும். யாழ்ப்பாணம் ஏறத்தாழ வடக்கு 9.7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த நேரத்து வெயிலில் எடுத்த படத்தில் புருவ நிழலே கண்ணை மூடிவிடும், புள்ளியே தெரியாமல் போவதும் உண்டு. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

உள்ளே போன ஒளிக்கு என்ன நடக்கிறது? கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை நிரப்பிப் பின்னேர வெயிலில் திண்ணையில் வையுங்கள். சூரியன் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், நிழலின் நடுவே, ஒளி குவிந்து பளிச்சென்று விழும். விழிவெண்படலமும் அதன் பின்னால் இருக்கும் நீரும் இதே வேலையைத்தான் செய்கின்றன. இடது மேல் மூலையால் வந்த ஒளி முறிந்து குவிந்து, கதிராளியின் வலது கீழ்ப் பக்கத்தில் போய் விழுகிறது. அதே நேரம் மேல் இமையும் அதன் மயிரும் கதிராளியின் மேல் பாதியில் நிழல் போடுகின்றன. ஆக, புள்ளி மேலே, மினுக்கம் கீழே எதிர்ப்பக்கத்தில். நாய்க் கண் கீறுவதில் ஒரே ஒரு விசயத்தை மட்டும் சொல்லித்தரச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். கதிராளி முழுவதையும் ஒரே அளவு வெளிச்சமாகத் தீட்டினால், எவ்வளவு பெரிய வெள்ளைப் புள்ளி வைத்தாலும் கண் தட்டையாகத்தான் இருக்கும்.

கதிராளிக்கு நிறம் கொடுப்பது மெலனின். நிறையச் செறிந்திருந்தால் கடும் மண்ணிறம், குறைந்தால் தேன் நிறம். ஹஸ்கி நாயின் நீலக் கண்ணில் நீல நிறப்பொருள் ஒன்றும் கிடையாது. மெலனின் மிகக் குறைந்த இழையத்தில் குறுகிய அலைநீள ஒளி கூடுதலாகச் சிதறுவதால் நீலமாகத் தெரிகிறது. ஹஸ்கியில் இதற்கும் ஏஎல்எக்ஸ்4 என்ற மரபணுவுக்கு அருகே டிஎன்ஏயின் ஒரு பகுதி இரட்டித்திருப்பதற்கும் தொடர்பிருப்பதை 2018இல் கண்டுபிடித்தார்கள். நம்மூர் நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண் மண்ணிறம்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடும் மண்ணிறத்தில் கண்மணிக்கும் கதிராளிக்கும் இடையிலான கோடு மங்கிப்போகும். அது மங்கலாக இருக்கிறதே என்று கதிராளியை வெளுப்பாக்கினால் கண்மணி சின்னதாகத் தனித்துத் தெரியும், பார்வை கடுமையாகிவிடும். 2023இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓநாய்களின் கண்ணையும் நாய்களின் கண்ணையும் ஒப்பிட்டார்கள். ஓநாய்க்குக் கதிராளி வெளிறியது, நாய்க்குக் கருமை கூடியது. கருங்கண் நாய்களை மனிதர்கள் சிநேகமானவையாகவும் குட்டித்தன்மை உள்ளவையாகவும் மதிப்பிட்டார்கள். "எங்கட நாய் மாதிரி இல்லை" என்ற முறைப்பாட்டில் பாதி இந்த வெளுப்பால் வருவது என்பது என் எண்ணம்.

கண்மணி கறுப்பாகத் தெரிவதற்குக் காரணம், உள்ளே போன ஒளியில் பெரும்பகுதி அங்கேயே உறிஞ்சப்படுவதும், தப்பித் திரும்புவது வந்த வழியாலேயே திரும்புவதும். ஒளி வந்த திசையில் நம் கண் இல்லாதபடியால் நமக்குத் தெரிவதில்லை. இரவில் பண்ணைப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வரும்போது றோட்டோர நாயின் கண் பச்சையாக எரிவது, ஹெட்லைற்றும் நம் கண்ணும் அருகருகே இருப்பதால்தான். நாயின் விழித்திரைக்குப் பின்னால், பெரும்பாலும் மேற்பாதியில், நாகம் (துத்தநாகம்) செறிந்த ஒரு தெறிபடை உண்டு. விழித்திரையைத் தாண்டிவிட்ட ஒளியை இரண்டாம் முறையும் அதற்குள் அனுப்பி, இருட்டில் பார்வைக்கு உதவுவது அதன் வேலை. போனில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி பச்சையாகவோ மஞ்சளாகவோ வருவதும் இதனால்தான். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கண்மணியை மட்டும் கறுப்பாக்கினால் சரிவராது. பிளாஷ் கதிராளியின் நிழலையும் மினுக்கத்தையும் கூட அழித்துவிட்டிருக்கும். வேறு படம் கேளுங்கள்.

அக்ரிலிக் இந்த வேலைக்குப் பொருந்துவது தற்செயல் இல்லை. நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்ரிக் துணிக்கைகளும் நிறப்பொருளும் சேர்ந்ததுதான் 1950களில் சந்தைக்கு வந்த இந்தப் பெயின்ற். ஈரமாக இருக்கும்போது துணிக்கைகள் ஒளியைச் சிதறடிப்பதால் பால் போலிருக்கும். நீர் போனதும் அவை ஒன்றோடொன்று ஒட்டித் தெளிந்த படலமாகிவிடும். அதனால்தான் காய்ந்ததும் நிறம் ஒரு படி கறுக்கிறது. கதிராளியை ஈரத்தில் பார்த்துத் திருப்திப்பட்டால் காய்ந்த பிறகு இருட்டு விழுங்கிவிடும். நினைத்ததைவிட ஒரு பொட்டு வெளிச்சமாகவே கலக்க வேண்டும்.

எந்த நிறம் ஊடுருவித் தெரியும், எது மறைக்கும் என்பதை முறிவுச்சுட்டி, அதாவது ஒரு பொருள் ஒளியை எவ்வளவு முறிக்கிறது என்ற அளவு, தீர்மானிக்கிறது. காய்ந்த அக்ரிலிக்கின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.5. அல்ட்ராமரீன் நீலமும் கிட்டத்தட்ட அதே அளவுதான், எனவே ஒளி அதிகம் சிதறாமல் கடந்து போகும். டைட்டேனியம் வெள்ளைக்கு 2.7, பெரிய இடைவெளி, ஆகவே ஒளி சிதறித் திரும்புகிறது, அடியில் உள்ளது மறைகிறது. ஆகவே வெள்ளையைக் கதிராளிக்குள் கலக்காதீர்கள், பால் விழுந்த கண்ணாகிவிடும். வெளிச்சம் வேண்டுமென்றால் அடியில் வெளிறிய றோ சியன்னாவை (மஞ்சள் மண்ணிறம்) வைத்து, அது காய்ந்ததும் பேர்ண்ட் சியன்னாவை (செம்மண்ணிறம்) கிளேசிங் மீடியம் என்ற தெளிந்த கலவையில் மெல்லிசாகக் கரைத்து மேலே விடலாம். ஒளி மேல்படையைக் கடந்து, அடிப்படையில் பட்டு, திரும்பவும் கடந்து வரும். (உரும்பிராய்ச் செம்மண்ணுக்குச் சிவப்புக் கொடுக்கும் இரும்பு ஒட்சைட்டுதான் சியன்னாவுக்கும் நிறம் கொடுக்கிறது.) வெறும் தண்ணீரால் நீட்டி நீட்டிக் கரைத்தால் ஒட்டும் பொருள் ஐதாகி, அடுத்த கைக்கே நிறம் கரைந்து வந்துவிடும். மீடியத்துக்குச் செலவழிக்கலாம்.

சோளகம் அடிக்கும் மாதங்களில் தட்டில் வைத்த பெயின்ற் நிமிடத்தில் தோல் கட்டும். ஈரத்துணியை விரித்து அதன் மேல் எண்ணெய்த்தாள் போட்டுக் கலந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் கண் வேலைக்கு இந்த விரைவு உதவிதான், ஒரே பின்னேரத்தில் ஐந்தாறு மெல்லிய படைகள் ஏற்றலாம். மாரியில் அதே வேலைக்குப் பொறுமை வேண்டும்.

வேலை ஒழுங்கு இதிலிருந்தே வந்துவிடும். முதலில் கண் முழுவதும் இருட்டு: அல்ட்ராமரீனும் பேர்ண்ட் அம்பரும் (கடும் மண்ணிறம்) சேர்ந்த கறுப்பு, ரியூப் கறுப்பைவிட ஆழமாக நிற்கும். அதன் மேல் கதிராளியின் கீழ்ப் பக்கத்தில் நடுவை நோக்கிய மெல்லிய கோடுகள், மேலே போகப் போக ஐதாக. பிறகு கிளேஸ். கதிராளியின் வெளி வட்டத்தைச் சற்றுக் கருக்கி, விளிம்பை ஈரப் பிரஷ்ஷால் மழுக்க வேண்டும். கூரான கோடு அங்கே கிடையாது. வானத்துக்கு, அல்ட்ராமரீனில் துளி வெள்ளை கலந்து ஒரு மங்கல் பூச்சு. டைட்டேனியம் வெள்ளை கடைசியாக, தடிப்பாக, ஒரே தொடுகையில்.

இமை விளிம்பைக் கறுப்புக் கோடாக விட்டுவிடாமல் கொஞ்சம் தடிப்புக் கொடுங்கள். கீழ் இமையின் மேல் தட்டில் கண்ணீர் தேங்கி ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு ஓடும். நாய்க்குக் கீழ் இமையில் மயிர் வரிசை இல்லை, அதைக் கீறினால் கார்ட்டூனாகிவிடும். மூக்குப் பக்க மூலையில் மூன்றாம் இமையின் ஓரம் இளஞ்சிவப்பாகவோ கருமையாகவோ எட்டிப் பார்க்கும். உட்புருவத்தை மேலே தூக்கும் ஒரு தசை நாய்களில் நன்றாக வளர்ந்திருப்பதையும், ஓநாய்களில் அது சில நார்களாக மட்டுமே இருப்பதையும் 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சோறு கேட்கும்போது நாய் போடும் அந்த முகம் இந்தத் தசையின் வேலை. மேல் இமையின் உட்பக்கம் ஒரு நூலளவு உயர்ந்தால் போதும், அது படத்திலும் வந்துவிடும்.

கடைசியில் கண்ணுக்கு மட்டும் குளொஸ் (பளபளக்கும்) வார்னிஷ் பூசுவதா என்பது கீறுகிறவர்கள் ஒத்துப்போகாத விசயம். பளபளப்பான பரப்பு உண்மையான தெறிப்பைத் தரும், பார்க்கிறவர் நகர்ந்தால் அதுவும் நகரும், மற் (பளபளப்பில்லாத) பரப்பில் சாம்பல் அடிக்கும் கறுப்பும் ஆழமாகும். ஆனால் ரியூப் லைற் நேரே இருந்தால் கீறிய புள்ளிக்குப் பக்கத்தில் இரண்டாவது புள்ளி முளைக்கும். எனக்கு அது பிடிக்காது என்றாலும், ஆழத்துக்காகப் பொறுத்துக்கொள்வேன். கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கப்போகிற படம் என்றால் இந்த வேலை வீண், முன்னால் இருக்கும் கண்ணாடியின் தெறிப்பே எல்லாவற்றையும் மூடிவிடும். கண்ணாடி இல்லையென்றால் நம்மூர்ச் சூட்டில் அக்ரிலிக் படலம் இளகிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முழுப் படத்துக்கும் மற் வார்னிஷ் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு சிறிய பிரஷ்ஷால் கண்ணுக்கு மட்டும் குளொஸ் வார்னிஷை இமை விளிம்பு தாண்டாமல் வைக்கலாம்.