பிரேக் இல்லாத சைக்கிள் வேகத்தைக் குறைப்பது எப்படி?

காமன்வெல்த் போட்டியின் டிராக் சைக்கிள் பந்தயம் பற்றி நம் டர்பனின் சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாலு பேர் ஒட்டி ஒட்டிப் போகிறார்கள். முதல் ஆள் திடீரென்று சரிவில் மேலே ஏறி, கடைசி ஆளாகிவிடுகிறார். ஏன்?"

அது டீம் பர்சூட், அதாவது நாலு பேர் அணியாக ஓட்டும் துரத்தல் பந்தயம். 250 மீட்டர் டிராக்கில் 16 சுற்று, ஆக 4 கிலோமீட்டர். மூன்றாவது ஆள் கோட்டைத் தொடும் நேரம்தான் அணியின் நேரம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய ஆண்கள் 3 நிமிடம் 40.730 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பியும் சராசரி வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர்!

அந்த வேகத்தில் பெரும்பாலான உழைப்பைக் காற்றே தின்றுவிடும். வேகம் இரு மடங்கானால் காற்றைத் தள்ளுவதற்கான திறன் எட்டு மடங்கு வேண்டும். முன்னால் ஒருவர் காற்றைப் பிளந்து போனால், பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு ஏறத்தாழ 30 சதவீத உழைப்பு மிச்சம். வடகிழக்குக் காற்று அடிக்கும் நாளில் டர்பனுக்கு வடக்கே எம்4 கடற்கரைச் சாலையில் பாலிட்டோ பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே முன்னால் போகிறவர் ஒரு சுற்றோ இரண்டோ இழுத்துவிட்டு, அடுத்தவருக்கு வழிவிட்டாக வேண்டும்.

சரி, பின்னால் போக வேகத்தைக் குறைக்க வேண்டுமே? டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், சும்மா உருள விடவும் முடியாது. இங்கேதான் வளைவில் வெளிப்பக்கம் உயர்ந்து நிற்கும் டிராக்கின் சரிவு கைகொடுக்கிறது. பாரிஸ் டிராக்கில் அது 40 பாகைக்கும் மேல்.

வீரர் சரிவில் ஏறி, தன் உடலை 2 மீட்டர் உயர்த்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றலில் ஒரு பகுதி நிலை ஆற்றலாக மாறுகிறது. பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 65 கிலோமீட்டர் வேகம் 61 ஆகும். ஆள் குண்டோ ஒல்லியோ, விடை அதேதான். சமன்பாட்டில் எடை அடிபட்டுப் போகிறது. மேலே சுற்றும் பாதையும் நீளம். இந்த இரண்டும் சேர்ந்து, மற்ற மூவரும் கீழே அவரைக் கடந்துவிடுகிறார்கள். உடனே அவர் இறங்குகிறார். இழந்த 4 கிலோமீட்டர் வேகமும் ஊஞ்சல் இறங்குவதுபோல் ஏறக்குறைய முழுசாகத் திரும்பி வருகிறது. பிரேக் பிடித்திருந்தால் அத்தனையும் வெப்பமாகப் போயிருக்கும்; மறுபடி மிதித்துத்தான் சம்பாதிக்க வேண்டும். அந்த ஆற்றலைச் சரிவு வாங்கி வைத்திருந்து சில விநாடியில் திருப்பிக் கொடுக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

இறங்கும் நேரத்தில்தான் சூட்சுமம். அரை விநாடி தாமதித்தால் 9 மீட்டர் இடைவெளி விழும். முன்னால் மறைப்பு இல்லை. காற்று முழுசாக முகத்தில் அடிக்கும், களைத்த காலோடு தனியாகத் துரத்த வேண்டும். தேர்ந்தவர்கள் கடைசிச் சக்கரம் கடப்பதற்கு முன்பே இறங்கத் தொடங்கி, ஒரு சாண் இடைவெளியில் வந்து சேர்வார்கள்.

2022 காமன்வெல்த் போட்டி முதலில் நம் டர்பனுக்குத்தான் கிடைத்தது. பணத்துக்கு உறுதி தராததால் 2017-இல் கைநழுவிப் போனது. இந்த மாதிரிச் செலவெல்லாம் வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூரை போட்ட மர டிராக் ஒன்று இங்கே இருந்தால், பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை பஸ் வைத்து அழைத்துப் போகலாம். ஆற்றல் மாற்றத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட அங்கே ஐந்தே நிமிடத்தில் காட்டிவிடலாம்.